இன்மைச் சான்று

ஒருவரை அவர் பெயரைச் சொல்லி நாற்பது தடவை கூப்பிட்டு, உள்ளேயிருந்து பதில் வரவில்லை என்றால் ‘ஆள் இல்லை’ என்று எழுதிக் கொடுப்பதுதான் பியூலாவின் உத்தியோகம். கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். பியூலாவுக்குப் பழகிப்போய்விட்டது. பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, நனவுப் பரிசோதனை நிலையம் என்று பலகை மாட்டிய இரண்டு மாடிக் கட்டடத்தில் ஆறு வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

மூளையில் அடிபட்டோ ரத்தக்குழாய் வெடித்தோ மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறவர்களை அங்கே கொண்டுவருவார்கள். தலையில் வலைத்தொப்பி மாட்டி, காதில் குரலை ஒலிக்கவிட்டு, மூளை அலை எழும்புகிறதா என்று பார்ப்பாள். ஆறு மாத இடைவெளியில் இரண்டு பரிசோதனை. இரண்டிலும் பூஜ்ஜியம் வந்தால் இன்மைச் சான்று. சான்று கையில் கிடைத்த ஏழாம் நாள் உணவுக்குழாயை எடுத்துவிடலாம் என்பது சட்டம். அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் குடும்பங்கள் பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று காத்துக் கிடந்து ஓய்ந்து போயிருந்தன. அதனால் சட்டத்தை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல பியூலாவுக்கும் வழியில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வீட்டுக்காரர் எட்வின் தவமணியும் அதே கட்டிலில்தான் படுத்திருந்தார். பூகோள வாத்தியார். வகுப்பில் மழைக்காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. இரண்டு பரிசோதனையிலும் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பியூலா அதற்குப் பிறகு நடமாடினாள். ‘நான் அவரை அனுப்பி வைக்கவில்லை, அவர் முன்னாலேயே போய்விட்டார், வெறும் உடம்பைத்தான் அடக்கம் செய்தோம்’ என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் குளிக்கப் போகும்போதுகூட ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் போவாள். அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கால் லிட்டராகக் குறைக்க வேண்டும் என்று நாலு வருஷமாக நினைக்கிறாள், பால்காரரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மிச்சப்பால் திரிந்து போகும், கொட்டுவாள். ஒரு நாளில் அவளைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது மாடத்தியும் அவள் மகன் லிங்கதுரையும். மாடத்தியின் வீட்டுக்காரர் சொரிமுத்து கயத்தாறு பக்கம் காற்றாலையில் மெக்கானிக்காக இருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள் நடந்த இரண்டாவது பரிசோதனையிலும் பூஜ்ஜியம். வெள்ளிக்கிழமை சான்று கொடுத்தாக வேண்டும்.

“கண்ணு முழிச்சுப் பாக்காகளே, டாக்டரம்மா,” என்றாள் மாடத்தி. பியூலா டாக்டர் இல்லை. திருத்தித் திருத்திச் சலித்துப்போய் விட்டுவிட்டாள். “விடிஞ்சா முழிக்காக, பொழுதடைஞ்சா மூடுதாக. உள்ள ஆள் இல்லாமலா முழிப்பாக?”

“முழிக்கிறது வேற, உள்ள ஆள் இருக்கிறது வேறம்மா. தூங்குறது முழிக்கிறதெல்லாம் மூளையோட அடித்தண்டு பாத்துக்கிடும். தெருவிளக்கு சாயங்காலமானா தானா எரியுதுல்ல? தெருவில ஆள் நடமாட்டம் உண்டா இல்லையான்னு அதுக்குத் தெரியாது.”

லிங்கதுரைக்கு இருபத்தாறு வயது இருக்கும். அப்பாவைத் தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. “அப்ப பேர் சொல்லிக் கூப்பிடுத டெஸ்ட்டு எதுக்கு மேடம்?” என்று கேட்டான்.

“நீங்க நல்லாத் தூங்குறீங்கன்னு வைங்க. தெருவுல பஸ் போனா முழிக்க மாட்டீங்க. பக்கத்துல ஒருத்தர் மெதுவா ‘லிங்கதுரை’ன்னா முழிச்சுருவீங்க. பிள்ள பெத்தவ இடி இடிச்சாலும் தூங்குவா, பிள்ள சிணுங்கினா எந்திரிச்சுருவா. தூக்கத்துல மூளை காதைச் சாத்துறதில்ல தம்பி, யாரை உள்ள விடணும்னு ஒரு காவல் வச்சிருக்கும். அந்தக் காவலாவது மிச்சம் இருக்கான்னு பாக்கதுதான் இது. தன் பேரைக் கேட்டா முந்நூறு மில்லி செகண்டுல ஒரு அலை எழும்பணும். அதுலயும் ரொம்ப வேண்டியவங்க குரல்ல கேட்டா கட்டாயம் எழும்பும். உங்க அம்மா குரல்லயே, வேற அஞ்சு ஆளுங்க பேரோட கலந்து, உங்க அப்பா பேர நாப்பது தடவை போட்டோம்.”

“ஒண்ணுகூடவா எழும்பல?”

“ஒண்ணுகூட இல்ல தம்பி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகையா நிம்மதியா என்று பிரிக்க முடியாத ஒரு மூச்சு அவனிடமிருந்து வந்தது. அதில் தப்பில்லை. பியூலாவுக்கும் அன்று அப்படித்தான் வந்தது.

மாடத்தி மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எங் குரலுலயா போட்டீக?”

“ஆமா. ஆறு மாசத்துக்கு முன்னால பதிவு பண்ணினோமே, அதுதான். ரெண்டு தடவைக்கும் ஒரே பதிவைத்தான் போடணும், விதி அது.”

பியூலாவுக்கு அந்தப் பதிவு நன்றாக ஞாபகம் இருந்தது. பெயரைச் சொல்லச் சொன்னதும் மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படிவத்தில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினாள். “சும்மா சொல்லும்மா, டெஸ்ட்டுக்குத்தான,” என்று மகன் அதட்டினான். பதினோரு தடவை வாய்க்குள்ளேயே முனகிவிட்டு, பன்னிரண்டாவது தடவை சுவரைப் பார்த்துக்கொண்டு ‘சொரிமுத்து’ என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டாவதுதான் இரைச்சலில்லாமல் சுத்தமாக வந்திருந்தது. இயந்திரம் அதை ஏற்றுக்கொண்டது.

“அது நான் கூப்பிட்டதில்ல, டாக்டரம்மா,” என்றாள் மாடத்தி. “நீங்க சொல்லச் சொன்னீக, சொன்னேன். அவுகள நான் எந்தக் காலத்துல பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்? ரேசன் கடையில பேரு வாசிச்ச மாதிரில்லா இருந்திருக்கும் அவுகளுக்கு.”

“சரி, வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?”

“எப்படிக் கூப்பிடுவாக? ‘ஏங்க’ம்பேன். இருவத்தெட்டு வருசமா அதான்.” சொல்லிவிட்டு மாடத்தி பியூலாவை ஏறிட்டுப் பார்த்தாள். “ஏன், நீங்க எப்படிக் கூப்பிடுவீக உங்க வீட்டுல?”

பியூலா மேசை மேலிருந்த காகிதங்களை ஒன்று சேர்த்தாள். பிறகு கலைத்தாள். “ரெண்டு பேரும் கீழ போய் டீ குடிச்சுட்டு வாங்க,” என்றாள்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்காதது போலவே இருந்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தாள். அந்தக் கிராமத்து அம்மாள் சொன்னதற்கு அறிவியலில் இடமில்லை என்று ஒதுக்கிவிடலாம். வெள்ளிக்கிழமை சான்றை நீட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், கும்பிட்டுவிட்டே போவார்கள். ‘ஏங்க’ என்பதற்குள் கை வைத்தால் அது சொரிமுத்துவோடு நிற்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷம். சண்டை போட்டபோதுகூட அவள் வாயில் எட்வின் என்றோ தவமணி என்றோ வந்ததில்லை. ‘என்னப்பா’தான். பரிசோதனைக்காக ‘எட்வின் தவமணி’ என்று ஒரே மூச்சில், ஒரே டேக்கில், சுத்தமாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள். பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவள் அல்லவா.

ஐந்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து வார்டு சிஸ்டர் சகாயமேரியைக் கூப்பிட்டாள்.

*

‘ஏங்க’ என்பது யாரும் யாரையும் கூப்பிடும் சொல். அதைக் கேட்டு எந்த மூளையும் எழும்பிவிட்டுப் போகலாம். அதனால் பியூலா ஐந்து பெண்களை நிறுத்தி ஐந்து பேரையும் ‘ஏங்க’ என்று சொல்லவைத்துப் பதிவு செய்தாள். மாடத்தி, சகாயமேரி, வரவேற்பில் இருக்கும் நர்மதா, துப்புரவு வேலை பார்க்கும் பேச்சித்தாய், ஐந்தாவதாகத் தான். சொரிமுத்து மாடத்தியின் குரலுக்கு மட்டும் அசைந்தால், அது சொல்லுக்கு அசைந்ததாகாது.

கல்யாணமாகாத நர்மதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மேடம், யாரைன்னு நெனச்சுக் கூப்பிட?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். “எங்க வீட்டுல ‘ஏய்’தான் சிஸ்டர், ‘ங்க’ எல்லாம் மாமியார் இருந்தவரைக்கும்,” என்று பேச்சித்தாய் போட்டுடைத்தாள். மாடத்தி ஒலிவாங்கியின் பக்கமே திரும்பவில்லை. அறைக்கு வெளியே, தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்து, அங்கே யாரோ முகம் கழுவிக்கொண்டு நிற்பது போலக் கூப்பிட்டாள். கொஞ்சம் அதட்டல், கொஞ்சம் அலுப்பு, வராமல் எங்கே போய்விடுவார் என்ற தைரியம் எல்லாம் அதில் இருந்தது. ஒரே தடவைதான். போதுமாக இருந்தது.

குரலுக்கு நாற்பது வீதம் இருநூறு தடவை, முன்பின்னாகக் கலந்து ஓடவிட்டாள். சொரிமுத்து விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கோடு சமதரையாகப் போயிற்று. நர்மதாவின் குரல் ஒலித்தது, ஒன்றும் இல்லை. பியூலாவின் குரல், ஒன்றும் இல்லை. சகாயமேரி, ஒன்றும் இல்லை. நாலாவதாக மாடத்தி வந்தாள். கோடு ஒரு கணம் தாழ்ந்து, பிறகு எழும்பியது.

பியூலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்தது எழும்பியது. அதற்கடுத்தது எழும்பவில்லை. பிறகு தொடர்ந்து ஏழு தடவை எழும்பியது. நாற்பதில் முப்பத்துமூன்று. மற்ற நாலு குரலுக்கும் சேர்த்து நூற்றறுபதில் இரண்டு, அதுவும் இரைச்சலாக இருக்கலாம். இத்தனைக்கும் நடுவில் சொரிமுத்துவின் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. பதினாலு மாதமாக அந்த மனிதர் தன் பெண்டாட்டி பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு, வருகிறேன் என்று சொல்ல வழியில்லாமல் படுத்துக் கிடந்திருக்கிறார்.

“கேக்காரு,” என்றாள் பியூலா. “உங்க வீட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு, மாடத்தியம்மா.”

லிங்கதுரை கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாகக் குத்தவைத்தான். முந்தின நாள் ராத்திரி அவன் குழிவெட்டும் ஆளிடம் பேசிவிட்டு வந்திருந்தான், பாவம். மாடத்தி அழவில்லை. கட்டிலருகே போய்ப் புருஷனை நேருக்கு நேர் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“கேட்டுக்கிட்டா படுத்துக் கெடந்தீக? நான் இந்தக் கொழுந்தியா விவகாரமெல்லாம் அழுது அழுது சொன்னனே, அதையுமா கேட்டீக? ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?” என்று திட்டிக்கொண்டே போனவள், அவர் மார்பில் தலையைச் சாய்த்து, “ஏங்க,” என்று ஒரு தடவை சொன்னாள். தொப்பியை இன்னும் கழற்றியிருக்கவில்லை. திரையில் கோடு எழும்பியதை பியூலா மட்டும் பார்த்தாள். அந்த அறையில் தனக்கு வேலையில்லை என்று தோன்றி வெளியே வந்துவிட்டாள்.

*

நிலையத்தின் தலைவர் டாக்டர் கோமதிநாயகத்தின் அறையில் ஒரு வரைபடம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். படுத்த படுக்கையாக வந்த பெண்களில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேரிடம் நனவு இருந்தது, ஆண்களில் பன்னிரண்டு பேரிடம்தான் இருந்தது என்பதைக் காட்டும் படம். பெண்களின் மூளை உறுதியானது என்று டெல்லி மாநாட்டில் அவர் கட்டுரை வாசித்துக் கைதட்டு வாங்கியிருந்தார். நல்ல மனிதர். ஏழை வீட்டு நோயாளிகளுக்குத் தன் காரை அனுப்புகிறவர்.

பியூலா நீட்டிய முடிவுகளை அவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பேர் பேர்தானே பியூலா. யார் சொன்னா என்ன? வேலை செய்ற இடத்துல, பேங்க்ல, எல்லாரும் அந்தாள சொரிமுத்துன்னுதானே கூப்பிட்டிருப்பாங்க?”

“கூப்பிட்டிருப்பாங்க சார். அவங்க குரல்ல போட்டிருந்தா எழும்பியிருக்குமோ என்னமோ. நாம பொண்டாட்டி குரல்ல போட்டோம். பொண்டாட்டி குரல்ல அவரு அந்தப் பேர வாழ்க்கையில கேட்டதே இல்ல. யாரோ எவரையோ கூப்பிடுறாங்கன்னு இருந்திருப்பாரு. அடிபட்ட மூளைக்குத் தெம்பு கொஞ்சம்தான இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கதவைத் திறக்காது.”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வரும் வழியில் அந்த வரைபடத்தின் முன்னால் நின்றார். அங்கே நின்றபடிதான் அவருக்கு அது புரிந்தது, பியூலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பொம்பளைங்களுக்குப் புருஷன் குரல்,” என்றார் மெதுவாக. “புருஷன் பொண்டாட்டியப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.”

“ஆமா சார்.”

“அவ்வளவுதானா இது? மூளையோட உறுதியே இல்லையா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “இந்த முறையை எழுதினது வேற தேசத்துல. வாழ்க்கைத்துணை பேர் சொல்லிக் கூப்பிடணும்னு இருந்துச்சு, அப்படியே தமிழ்ல கொண்டுவந்தது நான். எங்க வீட்டுல அவளும் டாக்டர், காலேஜ்ல ஒண்ணாப் படிச்சோம், பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. எனக்குத் தோணவே இல்ல பியூலா. சத்தியமா தோணல.”

பிறகு அவர் அதிகாரி ஆனார். “இந்தாள் பிழைச்சாச்சு. முதல் பதிவுல இரைச்சல், மறுபரிசோதனையில நனவு உறுதின்னு எழுதிருவோம். காரணத்தை எழுத வேண்டாம்.”

“காரணம் எழுதாட்டா மதுரை, சேலம், தஞ்சாவூர் நிலையங்கள்ல எப்படித் தெரியும் சார்? நம்மகிட்டயே அடுத்த வாரம் ஆறு பேருக்கு ரெண்டாவது டெஸ்ட்டு இருக்கு. ஆறு பேரும் ஆம்பளைங்க.”

“அவங்களுக்கு வேற மாதிரி வாய்மொழியாச் சொல்லி மாத்திக்கலாம். எழுதினா பழசெல்லாம் கிளம்பும். மனைவி குரல் வச்சு இன்மைச் சான்று கொடுத்தது நம்ம நிலையத்துல மட்டும் முந்நூத்துப் பதினெட்டு. அத்தனையும் அடக்கம் பண்ணியாச்சு. அந்தப் பொம்பளைங்க ஏதோ ஒரு மாதிரி மனசைத் தேத்திக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்டப் போய், உன் புருஷன் உள்ள இருந்தான், நீதான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லணுமா? செத்தவனுக்கு அதால என்ன?” அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுக்காரரும் அந்த முந்நூத்துப் பதினெட்டுல இருக்கார். உங்களுக்காகவும்தான் சொல்றேன் பியூலா.”

அவர் சொன்னது அக்கறையில்தான். அதனால்தான் அது அவளை அதிகமாக வருத்தியது. ஒரு கெட்டவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு எழுந்து வந்திருப்பாள்.

“எனக்கும் தெரியாம இருந்தா நல்லாத்தான் இருக்கும் சார்,” என்றாள். “ஆனா அந்தம்மா கேட்டாச்சு.”

அவர், “ஒரு கேஸை வச்சு முறையை மாத்த நிபுணர் குழு ஒத்துக்காது,” என்றார். “எல்லாத்தையும் எடுக்கணும். நனவு இருக்குன்னு வந்தவங்க, இல்லைன்னு வந்தவங்க, எல்லார் வீட்டுலயும் கேட்டு, மனைவி எப்படிக் கூப்பிடுவாங்கன்னு ஒரு அட்டவணை வேணும். பேர் சொல்லிக் கூப்பிட்ட வீட்டு ஆம்பளைங்க மட்டும் அதிகமாத் தேறியிருந்தாத்தான் நிரூபணம். யார் கேக்கிறது இதை? நான் கேக்க மாட்டேன். எனக்கு அந்தத் துணிச்சல் இல்ல.”

“நான் கேக்கேன்,” என்றாள் பியூலா.

*

வியாழக்கிழமை காலை பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டாள். நோயாளி பெயர், குரல் கொடுத்தவர், வீட்டில் அழைக்கும் விதம், பரிசோதனை முடிவு என்று நாலு கட்டம். யாரிடமிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களைக் கேட்பதற்கு முன்னால் தன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது நியாயம்.

எட்வினின் கோப்பை நாலு வருஷத்தில் அவள் திறந்ததே இல்லை. திறந்தாள். ஊழியரின் குடும்பத்தாருக்கு ஊழியரே பரிசோதனை செய்யக் கூடாது என்பதால் அன்று இயந்திரத்தை இயக்கியது சேவியர் என்ற பையன்தான், இப்போது துபாயில் இருக்கிறான். ஆனால் தொப்பியை மாட்டியது பியூலா. எட்வினுக்குத் தலையில் பிறர் கை பட்டால் பிடிக்காது, முடிவெட்டப் போவதற்கே முனகுவார். தொப்பி மாட்டிச் சரிசெய்யும் பத்துப் பதினைந்து நிமிஷத்தையும் இயந்திரம் பதிவு செய்யும், கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடும். அந்த நிமிஷங்களை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை.

அவள் பார்த்தாள். ஒலியையும் அலையையும் சேர்த்து ஓடவிட்டாள்.

முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவள் குரல். “என்னப்பா, கொஞ்சம் குளிரும், ஜெல் தடவப் போறேன்.” கோடு எழும்பியது.

“என்னப்பா, வலிக்குதா? இந்தா, ஆச்சு.” எழும்பியது.

“சேவியர், அந்த ஏழாம் நம்பர் வயர் ஒட்டல பாரு.” ஒன்றும் இல்லை.

“என்னப்பா, சும்மா இரு, கழுத்தைத் தூக்குறேன்.” எழும்பியது.

பதின்மூன்று நிமிஷத்தில் ஆறு தடவை கூப்பிட்டிருந்தாள், ஆறு தடவையும் எழும்பியிருந்தது. அதற்கப்புறம் சேவியர் ‘ரெடி மேடம்’ என்றான். ‘எட்வின் தவமணி, எட்வின் தவமணி’ என்று அவளுடைய சுத்தமான குரல் ஓடத் தொடங்கியதும் கோடு படுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்து நடந்த இரண்டாவது பரிசோதனையின் முன்நிமிஷங்களில் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். மூன்று தடவை எழும்பியிருந்தது. அதற்கு மறுநாள்தான் அவள் சான்றில் கையெழுத்துப் போட்டாள். ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். அதற்கப்புறம் அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, வெறும் உடம்பு என்று நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜெபப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கலாம்.

பியூலா வாய்விட்டு அழுதாள். கதவைச் சாத்தவேண்டும் என்று தோன்றவில்லை. சகாயமேரி ஓடிவந்து எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வார்டில் மணி அடித்ததால் போய்விட்டாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதல் வரிசையை நிரப்பினாள். எட்வின் தவமணி. மனைவி பியூலா. ‘என்னப்பா.’ முடிவு என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் என்றுதான் போட வேண்டும், பழைய பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. பூஜ்ஜியத்தைப் போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘இருந்தார்’ என்று எழுதினாள்.

இரண்டாவது வரிசை வள்ளியூர்க்காரர் ஒருவர். லாரி விபத்து. சான்று கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மனைவி பெயர் வேலம்மாள், கீழே தொலைபேசி எண். பியூலா எண்ணை அழுத்தினாள். நாலு தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

“அம்மா, பாளையங்கோட்டை நனவு நிலையத்துலருந்து பியூலா பேசுதேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்கிடாதீங்க. உங்க வீட்டுக்காரர நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம், பியூலா கொஞ்சமும் எதிர்பார்க்காதபடி, வெட்கப்பட்ட சிரிப்பு ஒன்று வந்தது.

“இதெல்லாமா இப்பக் கேப்பாக? என்னத்தக் கூப்பிடுவேன், ‘மாமா’ம்பேன். கோவம் வந்தா ‘யோவ் மாமா’ம்பேன். அதுக்குத்தான் சட்டுன்னு திரும்புவாக.” வேலம்மாள் பேசத் தொடங்கிவிட்டாள். அவர் லாரியில் போய்விட்டு வரும்போதெல்லாம் ஊருக்கு ஊர் என்ன வாங்கி வருவார், ஒரு தடவை நாமக்கல்லிலிருந்து இரண்டு கோழியை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்தது, அவருக்கு ரசத்தில் பூண்டு தட்டிப் போட்டால் ஆகாது. பியூலா எதையும் தடுக்கவில்லை, குறிப்பும் எடுக்கவில்லை. அந்த அம்மாளும் எத்தனை நாளாக யாரிடமும் இதையெல்லாம் சொல்லாமல் இருந்தாளோ தெரியவில்லை. “அவுக போயி மூணு வருசமாச்சு, அவுகளப் பத்தி ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல தாயி,” என்றாள் கடைசியில். குரல் நன்றாகத் தெளிந்து, சந்தோஷமாகக்கூட இருந்தது. “ஆமா, எதுக்குக் கேட்டீக?”

பியூலா தொலைபேசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரர நான் ‘என்னப்பா’ன்னு கூப்பிடுவேன்மா,” என்று ஆரம்பித்தாள்.